காந்தம் வந்த வழி – 18: மறக்கத் தெரிந்த இரும்பு

சென்ற வாரம் வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணனைப் பின்தொடர்ந்து டாக்காவுக்கும் கல்கத்தாவுக்கும் போனோம். சிறு படிகம் ஒன்றை மெல்லிய குவார்ட்ஸ் இழையில் தொங்கவிட்டு, காந்தப் புலத்துக்குள் அது எப்படித் திரும்புகிறது என்று அளந்தே, அதன் உள்ளே அணுக்கள் எந்த ஒழுங்கில் அமைந்திருக்கின்றன என்று சொன்னவர் அவர். அந்தப் படிகம் கண்ணுக்குத் தெரியும், கையில் எடுக்கலாம். இந்த வாரம் பார்க்கப்போகும் காந்தம் அப்படிப்பட்டதல்ல. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். ஐந்து, பத்து நானோமீட்டர் அளவே உள்ள இரும்பு ஆக்சைடு மணிகள் மனிதரின் ரத்தத்தில் இறங்கி, எம்.ஆர்.ஐ. படத்தில் புற்றைக் காட்டிக்கொடுத்த வரலாறு இது.

இதைத் திருமயம் பக்கத்திலிருந்து தொடங்கக் காரணம் உண்டு. அந்த மருந்துக்கு அடிப்படையான இயற்பியல், சுட்ட மண்ணைப் பற்றிய ஒரு கேள்வியிலிருந்து பிறந்தது.

நமணசமுத்திரத்துக் குதிரைகள்

புதுக்கோட்டையிலிருந்து திருமயம் வரும் சாலையில் இருக்கிறது நமணசமுத்திரம். அங்குள்ள அய்யனார் கோயிலில் மண்குதிரைகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. புதியவை செந்நிறம் மாறாமல் இருக்கின்றன. பழையவை மழையில் கறுத்து, பாசி படர்ந்து, காது உடைந்து, கால் சாய்ந்து கிடக்கின்றன. நேர்ந்துகொண்டவர் சொல்ல, வேளார் வனைந்து சூளையில் சுட்டுக் கொடுக்க, புரவியெடுப்பு நாளில் ஊர்மக்கள் தோளில் சுமந்து வந்து நிறுத்தியவை அவை.

ஒவ்வொரு குதிரைக்குள்ளும் ஒரு காந்தப் பதிவு இருக்கிறது. களிமண்ணில் இரும்பு உண்டு. சுட்டதும் மண் சிவப்பதே அதனால்தான். சூளையின் சூடு ஏற ஏற, அந்த இரும்பு ஆக்சைடு மணிகள் தங்கள் காந்தத்தை இழக்கின்றன. மேக்னடைட் என்ற வகை 580 டிகிரி செல்சியஸிலும், ஹெமடைட் 675 டிகிரிக்குச் சற்று மேலும் அதை இழக்கும். நெருப்பு அடங்கிச் சூளை ஆறத் தொடங்கியதும் மணிகள் மறுபடி காந்தமாகின்றன. அந்த நேரத்தில் அவற்றுக்குத் திசை சொல்ல இருப்பது பூமியின் காந்தம் ஒன்றே. அந்தத் திசைக்குச் சாதகமாகவே அவை உறைகின்றன. சூளை ஆறிய பிறகு அது மாறுவதில்லை. குதிரையைத் தூக்கிவந்து எந்தப் பக்கம் பார்க்க நிறுத்தினாலும், அதைச் சுட்ட நாளில் பூமியின் காந்தம் எவ்வளவு வலிமையோடு இருந்தது என்பது அதன் உடம்பில் பதிந்தே இருக்கும். உரிய கருவி இருந்தால் இன்றும் அளக்கலாம்.

சுட்ட மண்ணில் இதை முதலில் தேடியவர்களில் ஒருவர் இத்தாலியின் ஜுசெப்பே ஃபோல்கெரைட்டர். 1890களில் அவர் பழைய எட்ருஸ்கக் கலயங்களை அளந்தார். பாரிஸில் எமில் தெல்லியே 1930களிலிருந்து செங்கல், பானை, சூளைத் தரை என்று சுட்ட மண்ணாகக் கிடைத்ததையெல்லாம் அளந்தார். மனைவி ஒடெத்துடன் சேர்ந்து அவர் 1959இல் வெளியிட்ட அளவைமுறையை இன்றும் உலகெங்கும் பின்பற்றுகிறார்கள். அளவுகள் குவிந்தன. ஆனால் ஒரு பானை ஈராயிரம் ஆண்டு ஒரு திசையை எப்படி மறக்காமல் வைத்திருக்கிறது என்பதற்கு விளக்கம் இல்லை. வெப்பம் என்பது அணுக்களின் ஓயாத அதிர்வு. அறையின் சாதாரண வெப்பம்கூட அத்தனை சிறிய மணியை உலுக்கிக்கொண்டேதான் இருக்கிறது. அப்படியிருந்தும் நினைவு கலையாதது ஏன்?

1949: ஒரு விதி, இரண்டு முடிவுகள்

விடை சொன்னவர் லூயி நேல். 1904இல் பிரான்ஸின் லியோன் நகரில் பிறந்தவர், ஸ்ட்ராஸ்பூர்கில் பியர் வைஸிடம் பயின்றவர். இரண்டாம் உலகப்போர் தொடங்கியபோது ஜெர்மானியக் காந்தக் கண்ணிவெடிகளிலிருந்து பிரெஞ்சுப் போர்க்கப்பல்களைக் காக்க, கப்பலின் காந்தத்தை நடுநிலையாக்கும் வழியைக் கண்டவர். பிரான்ஸ் வீழ்ந்த பின் கிரெனோபிளுக்கு வந்து, அந்த மலையடிவார நகரத்தைக் காந்த ஆய்வின் தலைநகராக்கினார். 1970இல் நோபல் பரிசு பெற்றார்.

1949இல் புவி இயற்பியல் இதழ் ஒன்றில் அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே சுட்ட மண் வருகிறது. அதன் சாரம் எளிது. மிகச் சிறிய மணி முழுவதும் ஒரே காந்தமாக இருக்கும். அதன் காந்தம் ஒரு திசையிலிருந்து எதிர்த்திசைக்குப் புரள வேண்டுமானால் ஒரு தடையைத் தாண்டியாக வேண்டும். தடையின் உயரத்தைத் தீர்மானிப்பது மணியின் பருமன். தாண்டச் சொல்லித் தள்ளுவது வெப்பம். இந்த இரண்டுக்கும் உள்ள விகிதம் அடுக்குக்குறியாக நிற்பதால், பருமன் கொஞ்சம் கூடினாலே புரள எடுக்கும் காலம் பல கோடி மடங்கு நீளும். விட்டம் இரு மடங்கானால் பருமன் எட்டு மடங்கு என்பதை நினைத்துக்கொண்டால் இதன் வேகம் புரியும்.

ஆகவே ஓரளவு பெரிய மணி, மனித வரலாறு முழுவதும் கடந்தாலும் தன் திசையை விடாது. நமணசமுத்திரத்துக் குதிரைக்குள் பதிவைக் காப்பது அத்தகைய மணிகளே. அதே இரும்பு ஆக்சைடு பத்து நானோமீட்டருக்குச் சுருங்கினால், நொடியின் மிகச் சிறு துளிக்குள் புரண்டு புரண்டு எந்தத் திசையையும் வைத்துக்கொள்ளாமல் போகும். வெளியே காந்தம் இருந்தால் மிக வலுவாகத் திரும்பும். அதை எடுத்துவிட்டால் அடுத்த கணமே எல்லாவற்றையும் மறந்துவிடும். அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தில் சார்லஸ் பீன் 1950களில் இந்த நிலையை மேலும் ஆராய்ந்தார். 1959இல் அவரும் லிவிங்ஸ்டனும் எழுதிய கட்டுரையோடு ‘சூப்பர்பாராமேக்னடிசம்’ என்ற பெயர் நிலைத்தது. தமிழில் மீப்பரகாந்தம் என்பார்கள்.

நினைவு வைத்திருக்கும் மணி வரலாற்றாசிரியருக்கு வேண்டும். மருத்துவருக்கு வேண்டியது மறக்கும் மணி. தன் காந்தத்தை விடாத மணிகள் ரத்தத்தில் ஒன்றையொன்று இழுத்துக் கட்டியாகி நுண்ணிய ரத்தநாளத்தை அடைத்துவிடலாம். மறக்கும் மணிகளுக்கு அந்த இழுப்பு கிடையாது. தனித்தனியே மிதந்து போகும். எம்.ஆர்.ஐ. காந்தத்துக்குள் நுழையும்போது மட்டும் விழித்துக்கொள்ளும். நானோ மணியை மருந்தாக்க முடிந்ததன் அடிப்படை இதுதான்.

திருமயத்தின் குழாய்களும் கறுப்பு மையும்

உள்ளே ஒளிந்திருக்கும் குறையைக் காந்தத் தூளால் வெளியே கொண்டுவரும் பழக்கம் மருத்துவத்துக்கு முன்பே தொழிற்சாலையில் வந்துவிட்டது. முதல் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்காவின் தரநிர்ணய அலுவலகத்தில் வேலை பார்த்த வில்லியம் ஹோக், காந்தப் பிடியில் வைத்து எஃகுத் துண்டுகளைச் சாணை பிடிக்கும்போது, உதிர்ந்த இரும்புத்தூள் சில இடங்களில் மட்டும் கோடு கோடாகச் சேர்வதைக் கண்டார். உற்றுப் பார்த்தால் அந்த இடங்களில் விரிசல். எஃகு காந்தமானதும் விரிசல் உள்ள இடத்தில் காந்தப் புலம் வெளியே கசிகிறது, தூள் அங்கே ஒட்டுகிறது. 1934இல் மேக்னாஃப்ளக்ஸ் நிறுவனம் தொடங்கிய பின் இந்த முறை உலகெங்கும் பரவியது.

திருமயத்தில் பெல் நிறுவனத்தின் மின்நிலையக் குழாய்ப் பிரிவு 2013இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அனல் மின்நிலையத்தில் உயரழுத்த நீராவி ஓடும் குழாய்களுக்கான ஆலை அது. இத்தகைய குழாய்களின் வெல்டிங்கைச் சோதிக்கும் வழக்கமான முறைகளில் ஒன்று இந்தக் காந்தத்தூள் சோதனை. வெல்டிங் போட்ட இடத்தில் முதலில் வெள்ளைப் பூச்சு அடிப்பார்கள். யோக் என்னும் இரு கால் மின்காந்தத்தை வெல்டிங்கின் இருபுறமும் கால் படும்படி வைத்து விசையை அழுத்துவார்கள். நுண்ணிய இரும்பு ஆக்சைடு கலந்த கறுப்பு மையைத் தெளிப்பார்கள். நல்ல இடத்தில் மை வழிந்து போய்விடும். முடியளவு விரிசல் இருந்தால்கூட வெள்ளைப் பரப்பின் மேல் மெல்லிய கறுப்புக் கோடு எழும். அந்தக் கோட்டைப் பார்த்தவுடன் சாக்பீஸால் வட்டமிட்டு, வெட்டி எடுத்து, மறுபடி பற்றவைக்க அனுப்பிவிடுவார்கள். நீராவி சீறி உயிர் போகாமல் காப்பது அந்தக் கோடு.

தூளை இன்னும் பொடியாக்கினால் என்ன ஆகும் என்று பார்த்தவர் நாசாவின் ஸ்டீபன் பாப்பெல். எடையற்ற விண்வெளியில் ராக்கெட் எரிபொருளைப் பம்பின் வாய்க்கு இழுத்துவர 1963இல் அவர் ஒரு வழி யோசித்தார். மேக்னடைட்டை மண்ணெண்ணெயும் ஒலியிக் அமிலமும் சேர்த்து உருளை அரவையில் நாள்கணக்கில் அரைத்தார். கிடைத்தது ஃபெரோஃப்ளூயிட் என்ற காந்தத் திரவம். நம் கல்பாக்கத்தில் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் ஜான் ஃபிலிப்பின் குழு இத்தகைய திரவங்களைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவருகிறது. இரும்புப் பொருளின் குறையை நிறமாற்றத்தால் கண்முன் காட்டும் காந்த நானோதிரவ உணரியை 2012இல் அந்தக் குழு வெளியிட்டது. ஹோக்கின் சாணைத்தூள் ஒரு நூற்றாண்டில் நம் கடற்கரையில் நானோ வடிவம் எடுத்துவிட்டது.

அரைத்துத்தான் எடுக்க வேண்டும் என்பதில்லை. 1981இல் பிரான்ஸின் ரெனே மாஸார் விளக்கிய முறையைக் கல்லூரி ஆய்வகத்திலேயே செய்யலாம். மூன்று மின்னூட்ட இரும்புக் குளோரைடு இரண்டு பங்கு, இரண்டு மின்னூட்ட வகை ஒரு பங்கு என்று தண்ணீரில் கரைத்தால் துருநிறக் கரைசல் வரும். அதில் அம்மோனியாவை ஊற்றிக் கலக்கினால் கண்மூடித் திறப்பதற்குள் முழுதும் கன்னங்கறேல் என்று மாறும். பீக்கருக்கு அடியில் காந்தத்தைப் பிடித்தால் கறுப்பு முழுவதும் கீழே இறங்கி, மேலே தெளிந்த நீர் நிற்கும். அந்தக் கறுப்பில் இருப்பது பத்து நானோமீட்டர் அளவு மணிகள்.

தண்ணீருக்குள் ஒரு உப்பு

எம்.ஆர்.ஐ.யின் பக்கம் திரும்புவோம். நம் உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். தண்ணீரின் ஹைட்ரஜன் அணுக்கரு ஒவ்வொன்றும் ஒரு நுண்ணிய காந்தம். திருமயத்தில் பூமியின் காந்தப் புலம் சுமார் 40 மைக்ரோடெஸ்லா. ஸ்கேன் அறையில் வழக்கமாக இருப்பது 1.5 டெஸ்லா, அதாவது முப்பதாயிரம் மடங்குக்கு மேல். அந்தப் புலத்தில் வரிசைக்கு வரும் அணுக்கருக்களை 64 மெகாஹெர்ட்ஸ் அளவில் ரேடியோ அலையால் தட்டினால் அவை ஒருசேர ஆடி, பதிலுக்கு ரேடியோ அலை எழுப்பும். அந்தப் பதில் எவ்வளவு நேரம் நிற்கிறது, கருக்கள் எவ்வளவு விரைவில் பழைய நிலைக்கு வருகின்றன என்பது இடத்துக்கு இடம் வேறுபடும். படத்தின் வெளிச்சமும் இருட்டும் அந்த வேறுபாடுதான்.

தேர் வடம் பிடித்திருப்பவர்கள் எல்லாரும் ஒரே மூச்சில் இழுத்தால்தான் தேர் நகரும். ஓரிடத்தில் தரை மேடுபள்ளமாகிவிட்டால் அங்கே நிற்பவர்கள் தடம் தவறி, இழுப்பு வீணாகும். தண்ணீருக்குள் ஒரு காந்த மணி வந்தால் அதைச் சுற்றிப் புலம் மேடுபள்ளமாகிறது. அருகிலுள்ள கருக்கள் தாளம் தவறுகின்றன. அங்கிருந்து வரும் பதில் சட்டென்று தேய்ந்து, படத்தில் அந்த இடம் கறுக்கிறது.

அந்நியக் காந்தத்தைத் தண்ணீரில் சேர்த்துப் பதிலை மாற்றும் யோசனை இந்தத் துறையின் பிறப்போடு வந்தது. 1946இல் அணுக்கருக் காந்த ஒத்திசைவைக் கண்ட இருவரில் ஒருவரான ஃபீலிக்ஸ் பிளாக், தொடக்கச் சோதனைகளிலேயே தண்ணீரில் ஃபெரிக் நைட்ரேட்டைக் கரைத்து, கருக்கள் விரைவில் நிலைக்குத் திரும்பச் செய்தார். 1973இல் பால் லாட்டர்பர் முதல் எம்.ஆர்.ஐ. படத்தை வெளியிட்ட கட்டுரையில், நுண்குழாயில் வைத்த தண்ணீரோடு மாங்கனீஸ் சல்ஃபேட் கரைசலையும் வைத்து, இரண்டையும் பிரித்துக் காட்டினார். 2003இல் அவருக்கும் பீட்டர் மான்ஸ்ஃபீல்டுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

மருத்துவமனைக்குள் முதலில் நுழைந்தது கடோலினியம். தனித்த ஏழு எலெக்ட்ரான்கள் கொண்ட அந்த அருமண் உலோகம் அருகிலுள்ள தண்ணீரை விரைவில் நிலைக்குக் கொண்டுவந்து படத்தை வெளிச்சமாக்கும். ஆனால் தனி அயனியாக உடம்புக்குள் போனால் நஞ்சு. பெர்லினின் ஷெரிங் நிறுவனத்தில் ஹான்ஸ்-யோக்கிம் வைன்மன் குழு அதை ஒரு கரிமக் கூட்டுக்குள் பூட்டியது. 1988இல் மேக்னவிஸ்ட் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. இன்று ஸ்கேன் நிலையத்தில் ‘கான்ட்ராஸ்ட் போடணும்’ என்று சொன்னால் பெரும்பாலும் கடோலினிய வகை ஊசிதான்.

கறுத்த கல்லீரல்

இரும்பு மணிகளின் பாதை தனியாக வளர்ந்தது. 1978இல் ஜப்பானில் ஒகுஷி, நாகயாமா, வாதா மூவரும் மேக்னடைட் மணியை டெக்ஸ்ட்ரான் என்ற சர்க்கரைச் சங்கிலியால் போர்த்தி, தண்ணீரின் பதிலை அது எவ்வளவு தேய்க்கிறது என்று அளந்தார்கள். 1986இல் மரியா ஹெலேனா மென்தொன்சா தியாஸ், லாட்டர்பருடன் சேர்ந்து, இரும்பு மணிகளால் கல்லீரலையும் மண்ணீரலையும் படத்தில் வேறுபடுத்திக் காட்டினார்.

கல்லீரலுக்கு ஏன் போகிறது? ரத்தத்தில் வரும் அந்நியத் துகள்களை விழுங்கவென்றே கல்லீரலில் குப்ஃபர் செல்கள் குடியிருக்கின்றன. நூறு நானோமீட்டருக்கு மேற்பட்ட போர்வையோடு வரும் மணிகளை அவை அள்ளிக்கொள்ளும். செலுத்தியதில் சுமார் 80 சதவீதம் அங்கேதான் சேரும். எனவே நல்ல கல்லீரல் படத்தில் கறுத்துவிடுகிறது. புற்றுக்கட்டியில் குப்ஃபர் செல்கள் இல்லை. அதனால் அது மட்டும் வெளிறி நிற்கும். குழாய்ச் சோதனையில் மை விரிசலில் ஒட்டுகிறது. இங்கே மணி நல்ல திசுவில் ஒட்டி, நோயைத் தனிமைப்படுத்துகிறது. ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான கட்டியும் இந்த வழியில் அகப்பட்டது.

1996இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஃபெரிடெக்ஸ் என்ற மருந்துக்கு அனுமதி தந்தது. ஒரு கிலோ எடைக்கு 0.56 மில்லிகிராம் இரும்பு. அறுபது கிலோ எடையுள்ளவருக்கு 34 மில்லிகிராம் கணக்கில் வரும். நம் உடம்பில் ஏற்கெனவே இருக்கும் மூன்று, நான்கு கிராம் இரும்பின் முன் இது எள்ளளவு. குளுக்கோஸில் கலந்து அரைமணி நேரம் ட்ரிப்பாக ஏற்றுவார்கள். சிலருக்கு இடுப்புவலி வரும், ட்ரிப்பை நிறுத்தினால் அடங்கும். வேலை முடிந்த மணியைக் கல்லீரல் மெல்லக் கரைத்து, அதன் இரும்பை உடம்பின் இருப்பில் சேர்த்துக்கொள்ளும். நாளடைவில் அது ரத்தச் சிவப்பணுக்களில் போய்ச் சேரும். படம் எடுக்கச் செலுத்திய பொருளே உடம்புக்கு உணவாவது என்பது இந்த மருந்துக்கு வாய்த்த சிறப்பு.

மணியை இன்னும் சிறிதாக்கினால் கல்லீரலுக்குத் தப்பி, ரத்தத்தில் நெடுநேரம் சுற்றி, நிணநீர்க் கணுக்களில் போய்த் தங்கும். இந்தச் சிறு மணிகளைக் கொண்டு நடந்த ஆய்வு 2003 ஜூனில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது. முதன்மை ஆசிரியர் பாஸ்டனின் முகேஷ் ஹரிசிங்கானி. புராஸ்டேட் புற்று உள்ள 80 பேர், 334 நிணநீர்க் கணுக்கள். புற்று பரவிய கணுவைச் சாதாரண எம்.ஆர்.ஐ. கண்டுபிடித்த அளவு 35.4 சதவீதம். மணிகளைச் செலுத்தி எடுத்தபோது 90.5 சதவீதம். கணு வீங்குவதற்கு முன்பே, உள்ளே பரவியது தெரிந்தது.

புற்றைக் காலத்தில் காண்பதன் அருமையைப் புதுக்கோட்டைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1886இல் இந்நகரில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை சுந்தரம்மாளைக் கொண்டுபோனது மலக்குடல் புற்று. அதைச் சீதபேதி என்று எண்ணியே முதலில் வைத்தியம் நடந்தது. புற்று என்று தெரிந்தபோது கை மீறிவிட்டது. அந்தத் துயரத்திலிருந்து எழுந்ததுதான் சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. 1952இல் நேரு அடிக்கல் நாட்ட, 1954இல் திறந்தது. காண முடியாததால் இழந்த ஒரு தங்கைக்காகக் கட்டிய மருத்துவமனை, லட்சக்கணக்கான குடும்பங்களுக்கு அடைக்கலமானது.

சந்தையை விட்டுப் போனது

இவ்வளவு திறன் காட்டிய மருந்து இன்று ஏன் நம் ஊர் ஸ்கேன் நிலையத்தில் இல்லை? நிணநீர்க் கணுவுக்கான மருந்தை 2005இல் அமெரிக்க ஆலோசனைக் குழு ஏற்கவில்லை. எல்லாவகைப் புற்றுக்கும் பொது அனுமதி தரும் அளவுக்குச் சான்று போதாது என்பது ஒன்று, ஒவ்வாமை அச்சம் இன்னொன்று. 2007இல் ஐரோப்பிய விண்ணப்பமும் திரும்பப் பெறப்பட்டது. கல்லீரல் மருந்தான ஃபெரிடெக்ஸை 2008இல் உற்பத்தியாளரே நிறுத்தினார். அரைமணி ட்ரிப், பிறகு காத்திருப்பு என்று நேரம் பிடித்தது. கல்லீரலுக்கென்றே வந்த புதிய கடோலினிய ஊசி அதே படுக்கையில் உடனே வேலையை முடித்தது. விற்பனை சரிந்தது. மணி தன் கடமையில் தவறவில்லை, சந்தைதான் அதைக் கைவிட்டது.

அதே ஆண்டுகளில் கடோலினியத்தின் மேல் ஒரு நிழல் விழுந்தது. சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்குத் தோலும் மூட்டும் கல்லாக இறுகும் ஒரு நோய்க்கும் இந்த ஊசிக்கும் உள்ள தொடர்பை 2006இல் ஆஸ்திரிய மருத்துவர் தாமஸ் குரோப்னர் சுட்டிக்காட்டினார். 2014இல் ஜப்பானின் தோமோனோரி காந்தா, பலமுறை ஊசி போட்டவர்களின் மூளையில் தேங்கிய தடயத்தை வெளியிட்டார். 2017இல் ஐரோப்பிய மருந்து முகமை, உலோகத்தைத் தளர்வாகப் பிடிக்கும் பல வகைகளை நிறுத்திவைத்தது. இப்போது அதிகம் பயன்படும் வளைய வகை உலோகத்தை இறுக்கமாகப் பிடிப்பதால் ஆபத்து மிகக் குறைவு. எனினும் எச்சரிக்கை தொடர்கிறது. ஊசி போடுமுன் ஸ்கேன் நிலையத்தில் கேட்பார்கள்: “அம்மாவுக்குச் சுகர் இருக்குங்களா? கிட்னியில ஏதும் பிரச்சினை சொன்னாங்களா? கிரியாட்டினின் ரிப்போர்ட் கொண்டுவந்திருக்கீங்களாண்ணே?” சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் பெருகிய ஊர்களில் அந்தக் கேள்விக்கு ‘ஆமாம்’ என்ற பதில் அதிகம் வருகிறது.

சிறுநீரகத்தை நம்பாத மருந்து இரும்பு மணி. 2009இல் ஃபெருமாக்ஸிடால் என்ற மணி அமெரிக்காவில் அனுமதி பெற்றது, அதுவும் சிறுநீரக நோயாளிகளின் ரத்தசோகைக்கு. கடோலினியம் போடக்கூடாதவர்களுக்கு அதையே படத்துக்கும் பயன்படுத்தத் தொடங்கினார்கள் மருத்துவர்கள். கடும் ஒவ்வாமை சிலருக்கு வந்ததால் 2015இல் எச்சரிக்கை கடுமையாக்கப்பட்டு, மெதுவாக ட்ரிப்பாக மட்டுமே ஏற்ற வேண்டும் என்று வரையறுக்கப்பட்டது. நெதர்லாந்தின் நைமேகன் பல்கலைக்கழக மருத்துவமனை இன்னொரு படி மேலே போனது. கைவிடப்பட்ட நிணநீர்க் கணு மருந்தின் உற்பத்தியை 2010களில் தானே மீட்டெடுத்து நோயாளிகளுக்குக் கொடுத்தது. ஒரு நிறுவனம் விட்டதை ஒரு மருத்துவமனை எடுத்துக்கொண்டது.

நம்மால் முடியும்

நம்மிடம் என்ன இருக்கிறது? திருவனந்தபுரத்தின் ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் நிறுவன ஆய்வாளர்கள், சிட்ரேட் போர்த்திய இரும்பு ஆக்சைடு மணிகளால் கல்லீரல் நாராக இறுகுவதை விலங்குகளில் படமெடுத்து 2014இல் வெளியிட்டார்கள். கொச்சியின் அமிர்தா நானோ அறிவியல் மையம், எலும்பின் கனிமமான ஹைட்ராக்ஸி அபடைட்டிலேயே காந்தமும் ஒளிர்வும் ஏற்றிய மணியை 2010இல் செய்து காட்டியது. கல்பாக்கத்தைப் பற்றி முன்பே சொன்னேன். மணியைச் செய்யவும், போர்த்தவும், அளக்கவும் தெரிந்தவர்கள் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள்.

மருந்தாகத் தயாரிக்கும் அனுபவமும் புதிதல்ல. ரத்தசோகை உள்ள கர்ப்பிணிகளுக்கு நம் அரசு மருத்துவமனைகளில் ஏற்றும் அயர்ன் சுக்ரோஸ் ட்ரிப்பும், சர்க்கரை போர்த்திய இரும்பு நானோமணிதான். காந்த வலிமை மட்டும் அதற்கு இல்லை. இந்திய நிறுவனங்கள் அதைப் பெருமளவில் தயாரிக்கின்றன. சர்க்கரை போர்த்திய இரும்பை ஒரு பெண்ணின் நரம்பில் பாதுகாப்பாக ஏற்றி, பக்கத்தில் நின்று கவனிக்கும் செவிலியர் திருமயம் வட்டாரத்திலும் இருக்கிறார்.

இடையில் விட்டுப்போயிருப்பது ஒரு கண்ணிதான். ஆய்வுக்கூடத்து மணியை நச்சுச் சோதனை, தரக் கட்டுப்பாடு, மனிதர்களில் படிப்படியான சோதனை என்று கைப்பிடித்து மருத்துவமனை வரை கொண்டுவரும் பொறுப்பை ஏற்க ஒருவர் வேண்டும். லாபம் தராது என்று உலகச் சந்தை விட்டதால், அந்தப் பொறுப்பு பொதுப் பணத்தில் இயங்கும் நிறுவனங்களுடையது என்பது என் உறுதியான கருத்து. உரிமைக் காலம் முடிந்த அறிவு, விலை குறைந்த மூலப்பொருள், காத்திருக்கும் நோயாளிகள் என்று மூன்றும் இருக்கும்போது தள்ளிப்போட நியாயமில்லை. சிறுநீரகம் பழுதான ஒரு விவசாயிக்குக் கல்லீரலில் கட்டி என்று சந்தேகம் வந்தால், ‘உங்களுக்கு கான்ட்ராஸ்ட் போட முடியாது’ என்ற பதிலோடு அவரைத் திருப்பி அனுப்பும் நிலை மாற வேண்டும். மாற்றுவதற்கான பொருள் அவர் ரத்தத்திலேயே ஓடும் இரும்புதான்.

அடுத்த வாரம் கடோலினியத்தின் பிறந்த வீட்டைத் தேடிப் போவோம். அருமண்கள் கலந்து கிடக்கும் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலையும், 1909இல் அங்கே மோனசைட்டைக் கண்ட ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியரையும் சந்திப்போம்.

(தொடரும்)